மூடாமல் விட்ட கணக்கு

2023 செப்டம்பர் நடுவில் எங்கள் கொருக்குப்பேட்டைத் தெருவில் ஒவ்வொரு வீட்டுப் போனாக மெசேஜ் வந்துகொண்டிருந்தது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, முதல் மாத ஆயிரம் ரூபாய். எதிர்வீட்டு அக்கா போனைத் தூக்கிக் காட்டி, "உனக்கு வந்துச்சாம்மா?" என்று கேட்டார். எனக்கு வரவில்லை. விண்ணப்பத்தில் என் தபால் நிலையக் கணக்கு எண்ணைத்தான் கொடுத்திருந்தேன். அதில் எதுவும் ஏறவில்லை. தள்ளுபடி செய்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று இரண்டு வாரம் சும்மா இருந்தேன். அப்புறம் இ-சேவை மையத்தில் கேட்டபோது, "பணம் போயிடுச்சே மேடம், ஆதாரோட சேர்ந்திருக்கிற பேங்குக்குப் போயிருக்கு" என்று ஒரு தனியார் வங்கியின் பெயரைச் சொன்னார்கள்.

அந்தப் பெயரைக் கேட்டு ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

2014-இல் பாரிமுனை, செகண்ட் லைன் பீச்சில் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தேன். சம்பளம் பதினோராயிரத்துச் சொச்சம். கம்பெனியே எல்லோருக்கும் சம்பளக் கணக்கு தொடங்கிக் கொடுத்தது. அடுத்த வருடம் அதே வங்கியிலிருந்து ஒரு தம்பி வந்து, "அக்கா, கிரெடிட் கார்டு, முதல் வருஷம் சார்ஜ் கிடையாது" என்று ஆபீஸ் முழுவதும் கையெழுத்து வாங்கிப்போனார். கார்டு வந்தது. கவரைக்கூடச் சரியாகப் பிரிக்காமல் பீரோவில் வைத்துவிட்டேன். 2017-இல் பிரசவத்துக்காக வேலையை விட்டேன். ஏ.டி.எம்.மில் எடுக்க முடிந்ததை எல்லாம் எடுத்த பிறகு மீதி 40 ரூபாய் இருந்தது. 40 ரூபாய்க் கணக்கு என்ன ஆகப்போகிறது, தானாகவே முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பழைய வண்ணாரப்பேட்டை வாடகை வீட்டைக் காலி செய்து கொருக்குப்பேட்டைக்கு வந்தோம். 2018 பிப்ரவரியில் ஏர்செல் சிக்னல் போனது நினைவிருக்கும். என் நம்பர் ஏர்செல். பல நாள் முயன்றும் போர்ட் செய்ய முடியாமல், கடைசியில் புது நம்பர் வாங்கினேன். வங்கியில் இருந்த விலாசம் பழையது, நம்பர் செத்தது. அதற்குப் பிறகு அவர்கள் அனுப்பிய கடிதமோ மெசேஜோ ஒன்றுகூட என் கைக்கு வரவில்லை.

சம்பளக் கணக்கில் சில மாதம் சம்பளம் விழாவிட்டால் அதைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிவிடுவார்கள். பெயர், எண், பாஸ்புக் எல்லாம் அதேதான். ஆனால் மினிமம் பேலன்ஸ் வந்துவிடும். அந்த வங்கியில் நகரக் கிளைகளுக்குப் பத்தாயிரம். என்னிடம் இருந்ததோ 40 ரூபாய்.

கிளைக்குப் போய் நின்றபோது, சேமிப்புக் கணக்கில் சுமார் நாலாயிரத்து எழுநூறு ரூபாய் சார்ஜ் பாக்கி என்றார்கள். வந்த ஆயிரம் ரூபாய் அந்தப் பாக்கியில் கழிந்துவிட்டது. "கார்டுலயும் ஒரு அமௌன்ட் காட்டுது மேடம், ரெண்டையும் கட்டிட்டு வாங்க" என்று சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். எனக்குப் பின்னால் வரிசையில் தெரிந்த முகங்கள். நான் கடன்காரி என்று நாலு பேர் காதில் விழுந்துவிட்டதே என்ற எண்ணம்தான் மனதை அடைத்துக்கொண்டது. எவ்வளவு, எதற்கு, எந்தத் தேதியிலிருந்து என்று ஒரு தாளில் எழுதித் தாருங்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. பேசாமல் வெளியே வந்துவிட்டேன். வீட்டில்கூடச் சொல்லவில்லை.

அதற்கு முந்தைய மாதமே, செப்டம்பரிலேயே, அப்போதைய மாநில நிதியமைச்சர் தங்கம் தென்னரசு, உரிமைத் தொகையை வங்கிகள் வேறு பாக்கிக்காகப் பிடிக்கக் கூடாது, பிடித்தால் 1100 என்ற முதல்வர் உதவி மைய எண்ணில் புகார் சொல்லலாம் என்று அறிவித்திருந்தார். என்னைப் போலப் பல பெண்களுக்கு நடந்திருந்ததால்தான் அந்த அறிவிப்பே வந்தது. நான் வாயைத் திறக்காததால் எனக்கு அது பயன்படவில்லை.

அடுத்த மாதங்களின் தொகையை எப்படிக் காப்பாற்றுவது என்று தபால்காரர்தான் வழி சொன்னார். 2018-இல் தொடங்கிய இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கியில் மினிமம் பேலன்ஸ் கிடையாது. வீட்டுக்கே வந்து, கைரேகை வைத்து, பத்து நிமிடத்தில் கணக்கைத் தொடங்கி, ஆதாரையும் அதோடு இணைத்துக் கொடுத்தார். அடுத்த மாத ஆயிரம் சரியாக வந்தது. நம் ஆதார் இப்போது எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று 'மை ஆதார்' தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். அரசுப் பணத்துக்கு விண்ணப்பிக்கும் முன் தயவுசெய்து அதைப் பார்த்துவிடுங்கள்.

சரி, அதோடு முடிந்தது என்று இருந்தேன். முடியவில்லை.

2024-இல் வீட்டு வாசலில் ஈர மாவுக் கடை போட்டேன். இட்லி மாவு, அடை மாவு, வார இறுதியில் பணியார மாவு. திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலை கேன்டீன், தினமும் இருபது கிலோ எடுத்துக்கொள்கிறோம், கடை பேரில் கரன்ட் அக்கவுன்ட் இருந்தால் மாதம் இரண்டு முறை பணம் போட்டுவிடுவோம் என்றார்கள். எங்கள் அளவுக்கு அது பெரிய ஆர்டர். என் கணவர் துறைமுக டிரெய்லர் ஓட்டுகிறார். லோடு கிடைத்தால்தான் காசு. அதனால் அந்தக் கேன்டீன் பணத்தை நம்பி மனதில் என்னென்னவோ கணக்குப் போட்டுவிட்டேன்.

முதலில் அந்தப் பழைய வங்கியின் ஆப்பிலேயே முயன்றேன். பான் எண்ணைப் போட்டதும், ஏற்கெனவே வாடிக்கையாளர், கிளையை அணுகவும் என்று நின்றுவிட்டது. கிளைக்குப் போனால் பழைய பாட்டு: பாக்கியைக் கட்டுங்கள்.

இரண்டாவது, இன்னொரு தனியார் வங்கி. எம்.சி. ரோடு பக்கம். எல்லாத் தாள்களையும் வாங்கிக்கொண்டு, கடையைப் போட்டோ எடுத்துப்போனார்கள். எட்டு நாள் கழித்து, "எங்க பாலிசிப்படி இப்போ பண்ண முடியாது மேடம்" என்று மட்டும் சொன்னார்கள். வாசல் வரை வந்த ஒரு பெண் அலுவலர்தான் மெல்ல, "அக்கா, உங்க சிபில் ரிப்போர்ட்டை ஒரு தடவை எடுத்துப் பாருங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது, ஒரு அரசு வங்கி. அங்கே இன்னொரு சிக்கல்: "கே.ஒய்.சி. பொருந்தவில்லை." அதாவது என் அடையாள, விலாச விவரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

மூன்று இடத்திலும் மறுப்பு என்றதும், என் பெயரே ஏதோ கறுப்புப் பட்டியலில் ஏறிவிட்டது என்று நம்பினேன். எங்கள் பக்கத்தில் இன்னொரு பேச்சும் உண்டு. வடசென்னை பின்கோடு என்றாலே வங்கிக்காரர்கள் யோசிப்பார்கள் என்று. அந்தப் பேச்சில் பல பேருடைய பழைய வலி இருக்கிறது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் என் விஷயத்தில் காரணம் அது இல்லை. ஒரே பட்டியலும் இல்லை. மூன்று வங்கிகளும் மூன்று வெவ்வேறு காரணங்களுக்காக மறுத்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. இது புரிய எனக்கு நாலு மாதம் பிடித்தது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

எளிதானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அரசு வங்கியின் கே.ஒய்.சி. சிக்கல் அரை நாள் வேலை. நம் அடையாள விவரங்கள் ஒரு மத்தியப் பதிவேட்டில், 14 இலக்க எண்ணின் கீழ் இருக்கின்றன. புதுக் கணக்கு தொடங்கும்போது வங்கிகள் அதைப் பார்ப்பார்கள். என் பதிவில் அப்பாவின் இனிஷியல், வண்ணாரப்பேட்டை விலாசம், ஏர்செல் நம்பர். ஆதாரில் கணவர் பெயர் இனிஷியல், கொருக்குப்பேட்டை விலாசம். பானில் மறுபடி அப்பா இனிஷியல். கல்யாணத்துக்குப் பிறகு நம் பெண்களில் பாதிப் பேருக்கு இந்தக் குழப்பம் இருக்கும். நான் பான் கார்டை ஆதாரோடு ஒத்துப்போகும்படி திருத்தி, வந்ததும் எடுத்துப்போனேன். புது விவரங்களை ஏற்றிக்கொண்டார்கள். அந்த மறுப்பு அன்றோடு தீர்ந்தது.

கஷ்டமானது கிரெடிட் ரிப்போர்ட். நம் கடன், கார்டு பாக்கிகளை எப்படிக் கட்டினோம் என்ற பதிவு அது, சிபில் ரிப்போர்ட் என்று பொதுவாகச் சொல்வது. இந்தியாவில் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். ஒவ்வொன்றிலும் வருடத்துக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாக எடுக்க நமக்கு உரிமை இருக்கிறது. நான்கையும் எடுத்தேன். சேமிப்புக் கணக்கின் மினிமம் பேலன்ஸ் பாக்கி அதில் இல்லை. அது அந்த வங்கியின் உள் விவகாரம், அடுத்த வங்கிக்குத் தெரியாது. ஆனால் பிரிக்காத கவரில் இருந்த அந்தக் கார்டு இருந்தது. 'ரிட்டன் ஆஃப்', அதாவது வராக்கடனாகத் தள்ளப்பட்டது, என்ற அடையாளத்தோடு. தொகை ஒன்பதாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம்.

ஒரு ரூபாய்க்குக்கூடத் தேய்க்காத கார்டு. இரண்டாம் வருடக் கட்டணம் 500, அதன் மேல் வரி. அதைக் கட்டாததால் தாமதக் கட்டணம், வட்டி, வட்டிக்கு வரி, அடுத்த வருடக் கட்டணம் என்று அது தானாக வளர்ந்திருந்தது. சேமிப்புக் கணக்கு தொடங்க கிரெடிட் ஸ்கோர் பெரிதாகக் குறுக்கே வராது. கரன்ட் அக்கவுன்ட் என்றால் பார்க்கிறார்கள். வேறு எங்காவது கடன் இருக்கிறதா என்று எழுதியும் வாங்குகிறார்கள்.

இப்போது கார்டு விதிகள் கொஞ்சம் மேல். 2022 அக்டோபரிலிருந்து, கார்டை 30 நாளுக்குள் நாம் செயல்படுத்தாவிட்டால் ஓ.டி.பி. மூலம் சம்மதம் கேட்க வேண்டும், சம்மதம் வராவிட்டால் கட்டணமில்லாமல் மூடிவிட வேண்டும். 2022 ஜூலையிலிருந்து, பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், இல்லையென்றால் நாளுக்கு 500 ரூபாய் நமக்குத் தர வேண்டும். என் கார்டின் கதை அதற்கு முந்தைய காலம்.

பழைய வங்கிக்கு எழுதினேன். வாயால் சொல்வதை விட்டுவிட்டு, தாளில். இரண்டு பாக்கிக்கும் இரண்டு தனிக் கடிதம். சேமிப்புக் கணக்குக் கடிதத்தில் ரிசர்வ் வங்கியின் 2014 நவம்பர் விதியைக் குறிப்பிட்டேன். 2015 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் விதி அது. மினிமம் பேலன்ஸ் குறைந்தால் முதலில் தகவல் சொல்லி ஒரு மாதம் அவகாசம் தர வேண்டும். அந்தச் சார்ஜ் ஒன்றினாலேயே கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது. அப்படியானால் 40 ரூபாய் இருந்த என் கணக்கு நாலாயிரத்து எழுநூறு கடனாக எப்படி ஆனது? இதை மட்டும்தான் கேட்டேன். இப்போது இன்னொரு விதியும் இருக்கிறது: இரண்டு வருடத்துக்கு மேல் நாம் எதுவும் செய்யாமல் செயலற்றுப்போன கணக்கில் 2024 ஏப்ரல் முதல் மினிமம் பேலன்ஸ் அபராதம் போடக் கூடாது, அதை உயிர்ப்பிக்கவும் காசு கேட்கக் கூடாது.

கடிதத்தின் நகலில் கிளை சீல், தேதி, கையெழுத்து வாங்கிக்கொண்டேன். முதலில் தயங்கினார்கள். "பரவாயில்ல சார், நான் வெயிட் பண்றேன்" என்று உட்கார்ந்தேன். போட்டுக் கொடுத்தார்கள். இருபத்து நாலாவது நாள் பதில் வந்தது. சார்ஜ் முழுவதும் ரத்து, பிடித்த ஆயிரம் ரூபாயும் திரும்ப வந்தது. 2023 அக்டோபரில் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேனே, அதே கிளைதான்.

கார்டு விஷயம் அப்படிச் சுலபமாகப் போகவில்லை. முதலில் வசூல் ஏஜென்சியிலிருந்து ஒருவர் போன் செய்து, "மூவாயிரம் கட்டுங்க, செட்டில்மென்ட் போட்டுடலாம்" என்றார். ஒன்பதாயிரத்துக்கு மூவாயிரம் என்றால் யாருக்கும் ஆசை வரும். என் கணவர், கட்டித் தொலைத்துவிடலாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பாதி கட்டி முடித்தால் ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்று விழும். அடுத்த வங்கியைப் பொறுத்தவரை அது முழுவதும் கட்டாதவர் என்ற அடையாளம். நியாயமான தொகை எதுவோ அதை முழுதாகக் கட்டி 'குளோஸ்டு' என்று வாங்க வேண்டும், பாக்கி இல்லை என்ற சான்றிதழோடு. உங்களில் யாராவது இப்படிப்பட்ட போனுக்கு இப்போது பதில் சொல்லிக்கொண்டிருந்தால், பணம் போடும் முன் அந்த வார்த்தை என்னவாக விழும் என்று எழுத்தில் கேளுங்கள். ஏஜென்ட் சொல்லும் யு.பி.ஐ. எண்ணுக்குப் போடவே போடாதீர்கள்.

வங்கிக்கு எழுதி 30 நாள் ஆகியும் பதில் இல்லை. அதன் பிறகுதான், வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போக முடியும். 2021 நவம்பரிலிருந்து இந்தப் புகார்கள் எல்லாவற்றுக்கும் ஒரே திட்டம். 'சி.எம்.எஸ்.' என்ற தளத்தில் போடலாம், பணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். ராஜாஜி சாலையில் ரிசர்வ் வங்கி வாசலைக் கடந்துதான் மூன்று வருடம் வேலைக்குப் போனேன். அந்தக் கட்டடம் நமக்கும் சம்பந்தப்பட்டது என்று ஒரு நாள்கூட நினைத்ததில்லை.

ஆனால் எதைப் புகாராக எழுதுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். இரண்டாவது வங்கி கரன்ட் அக்கவுன்ட் தர மறுத்ததை நான் புகாராகப் போட்டிருந்தால் நிற்காது. அது வங்கியின் வணிக முடிவு, ஆம்புட்ஸ்மேன் அதில் தலையிடுவதில்லை. அதனால் மறுப்பை விட்டுவிட்டு, மறுப்புக்கு மூலமான தவறான பாக்கியைப் பிடித்துக்கொண்டேன். பயன்படுத்தாத கார்டுக்கு வட்டி போட்டது, கடிதத்துக்குப் பதில் தராதது, இந்த இரண்டு மட்டும். புகார் பதிவான சில வாரத்தில் வங்கியே கூப்பிட்டது. வட்டியும் தாமதக் கட்டணமும் தள்ளுபடி, இரண்டு வருடக் கட்டணம் வரியோடு 1,180 ரூபாய் கட்டுங்கள் என்றார்கள். கையெழுத்துப் போட்டது நான்தான், அந்தக் கட்டணம் என் பொறுப்பு. கட்டி, சான்றிதழ் வாங்கினேன்.

இதெல்லாம் நடக்கும்போது எங்கள் மாவுக் கடைக்கு வரும் ஓர் அக்காவின் கதையும் சேர்ந்து ஓடியது. காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து விற்பவர். யாரோ ஒருவர் வஞ்சிரம் வாங்கிக்கொண்டு போனில் 3,200 ரூபாய் போட்டிருக்கிறார். அது எங்கோ மோசடியில் போன பணத்தின் துண்டு. வேறு மாநிலத்தில் பதிவான சைபர் புகாரில் அக்காவின் முழுக் கணக்கும் முடங்கிவிட்டது. உள்ளே அறுபதாயிரம், படகுக்காரருக்குக் கொடுக்க வேண்டியது. அதே வங்கியில் புதுக் கணக்கு கேட்டதற்கும் முடியாது என்றார்கள். "நான் இன்னாமா தப்பு பண்ணேன், மீனு வித்தேன்" என்று என் கடை வாசலில் அழுதார்.

இந்த மாதிரி முடக்கத்துக்கு வழி வேறு. வங்கியோடு சண்டை போட்டுப் பயனில்லை, முடக்கச் சொன்னது போலீஸ். புகார் எண், எந்த ஊர் ஸ்டேஷன், சந்தேகத்துக்குரிய தொகை எவ்வளவு, இந்த மூன்றையும் வங்கியிடம் எழுத்தில் வாங்க வேண்டும். பிறகு அந்த ஸ்டேஷனுக்கு, இது வியாபாரப் பணம் என்பதற்கான ஆதாரத்தோடு மெயில் அனுப்ப வேண்டும். சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடச் சொல்லலாம். முழுக் கணக்கையும் காலவரையின்றி முடக்குவது சரியில்லை என்று சென்னை உயர் நீதிமன்றமே 2024-இல் சொல்லியிருக்கிறது. அக்காவுக்கு அவர் மகனும் நானும் சேர்ந்து எழுதினோம். ஐந்து வாரத்தில் 3,200 தவிர மற்றது கைக்கு வந்தது. அவர் தப்பு எதுவும் செய்யாதவர். ஆனால் ஐயாயிரம், பத்தாயிரம் தருகிறோம், உன் ஏ.டி.எம். கார்டையும் சிம்மையும் கொடு என்று கேட்பவர்கள் நம் பையன்களைத் தேடி வருகிறார்கள். கொடுத்தால் வழக்கு அந்தப் பையன் பெயரில்தான். அதற்குக் கடிதம் எழுதி மீட்க வழியில்லை. வீட்டில் காலேஜ் போகும் பிள்ளை இருந்தால் இதை இன்று ராத்திரியே பேசிவிடுங்கள்.

இன்னொன்று. எந்தப் பழைய பாக்கி இருந்தாலும், கையில் ஒரு கணக்கும் இல்லாமல் யாரும் நிற்க வேண்டியதில்லை. 'அடிப்படை சேமிப்புக் கணக்கு' என்று கேளுங்கள். மினிமம் பேலன்ஸ் கிடையாது, ஏ.டி.எம். கார்டு இலவசம், மாதம் குறைந்தது நான்கு முறை காசில்லாமல் பணம் எடுக்கலாம். அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். கவுன்ட்டரில் அவர்களாக இதைச் சொல்வது அபூர்வம். பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

கரன்ட் அக்கவுன்ட் கடைசியில் அந்த அரசு வங்கியில்தான் கிடைத்தது. கடை பேரில் உத்யம் என்ற சிறுதொழில் பதிவும் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவும் கேட்டார்கள். உத்யம் இலவசம், உணவுப் பதிவு சின்னக் கடைக்கு வருடம் நூறு ரூபாய். பழைய கார்டின் பாக்கியில்லாச் சான்றிதழை அவர்கள் கேட்கும் முன்பே நான் மேஜையில் வைத்தேன். மேனேஜர் படித்துவிட்டு, "இதை முன்னாடியே காட்டினது நல்லதும்மா" என்றார்.

கேன்டீன் ஆர்டர் மட்டும் அதற்குள் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. அந்த நாலு மாதம் அவர்கள் காத்திருக்க முடியாது, அது அவர்கள் தப்பில்லை. இப்போது தண்டையார்பேட்டையில் இரண்டு டிபன் கடைகளுக்குப் போடுகிறேன்.

பழைய சம்பளக் கணக்கையும் மூடிவிட்டேன். மூடும் கடிதம் கொடுத்து, கார்டையும் மீதி செக்குகளையும் வெட்டித் திருப்பி, மூடியதாக வங்கி எழுதிக் கொடுத்த தாளை ரேஷன் கார்டு வைக்கும் அதே பையில் வைத்திருக்கிறேன். நாலு கடன் தகவல் நிறுவனங்களில் மூன்றில் 'குளோஸ்டு' என்று மாறிவிட்டது. ஒன்றில் மட்டும் இன்னும் 'ரிட்டன் ஆஃப்' என்றே நிற்கிறது. அதற்குத் தனியாகத் திருத்தக் கோரிக்கை போட்டிருக்கிறேன். 30 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும், தாண்டினால் நாளுக்கு நூறு ரூபாய் இழப்பீடு கேட்கலாம். இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது.